பள்ளிக்கூடம் போகும் பையனின் பிறந்தநாள்: கொங்கு வீட்டுக்கு ஏற்ற விழாவும் பரிசும்

ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள பையன்களுக்கு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற விழா பிடிக்காது. மண்டபம் பிடித்து, பலூன் வளைவு கட்டி, மேடையில் நிறுத்திப் போட்டோ எடுத்தால் பெரியவர்களுக்கு மனம் நிறையும். கால் மணி நேரத்தில் பையன்கள் நாற்காலிகளுக்கு நடுவே ஓடிப்பிடித்து விளையாட ஆரம்பித்திருப்பார்கள். அவர்கள் தேடுவது கையால் செய்ய ஒரு வேலை, போட்டி போட ஓர் ஆட்டம், வயிறு நிறையச் சாப்பாடு. பரிசும் அப்படித்தான். பிரித்த மறுநாள் அவன் தானாக எடுத்துப் புழங்குகிற பொருள்தான் நல்ல பரிசு. இந்த வழிகாட்டியில் வருகிற எல்லாத் தேர்வுகளையும் அந்த ஒரே கண்ணோட்டத்தில்தான் செய்திருக்கிறோம்.

கணக்குக்காக 12 முதல் 15 பையன்கள், பத்துப் பெரியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் போனால் வீட்டில் சமாளிப்பது சிரமம். ‘கிளாஸ் முழுக்கக் கூப்பிடணும்’ என்று பையன் அடம் பிடித்தால், பள்ளியில் எல்லோருக்கும் கடலை மிட்டாய் கொடுக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு அவன் தினமும் கூட விளையாடுகிறவர்களை மட்டும் கூப்பிடுங்கள். பட்டியலை அவனே எழுதட்டும். எழுதி முடித்ததும் விட்டுப்போன ஒரு பெயரை நீங்கள் நினைவூட்டுங்கள். ஒரே பஸ்ஸில் வருகிற, அதிகம் பேசாத பையன் ஒருவன் எல்லா வகுப்பிலும் இருப்பான்.

நாளும் நேரமும்

பிறந்தநாள் எந்தக் கிழமையில் வந்தாலும் விழாவைச் சனி அல்லது ஞாயிறு மாலைக்குத் தள்ளுங்கள். பிறந்த தேதியன்று காலையில் கோயில், பாயசம், புதுத்துணி என்று வீட்டோடு முடித்துக்கொள்ளலாம். அரையாண்டு, முழுஆண்டுத் தேர்வுகளுக்கு முந்தைய வாரம் வேண்டாம், பாதிப் பேரை அனுப்ப மாட்டார்கள். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் பையன்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த நாட்களில் பிறந்தவனுக்குப் பள்ளி திறந்த பிறகு ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைப்பதே நல்லது.

நம் பக்கத்துப் பருவநிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைகிற காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் வரை சுழற்றி அடிக்கும். காற்றாலைகள் அந்தப் பக்கம் வரிசையாக நிற்பதற்கும் அந்தக் காற்றுதான் காரணம். அந்த மாதங்களில் திறந்த வெளியில் மெழுகுவத்தி நிற்காது, காகிதத் தட்டு பறக்கும், தெர்மாகோல் அலங்காரம் பக்கத்துக் காட்டில் போய்க் கிடக்கும். கேக் வெட்டுவதை உள்ளே வைத்துக்கொண்டு, வெளியே பட்டம் விடுங்கள். சாதாரணப் பருத்தி நூல் மட்டும் போதும். மாஞ்சா நூல் கழுத்தை அறுக்கும், அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. மின்கம்பி போகிற பக்கமும் கூடாது.

பங்குனி, சித்திரையில் ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் ஐந்து மணிக்கு முன்பு யாரையும் வெளியே விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மாலை மழை வரும் என்றே திட்டமிடுங்கள். இடி இடிக்கும்போது சாமியானா எந்தப் பாதுகாப்பும் தராது, எல்லோரும் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். புரட்டாசியில் பல வீடுகளில் முட்டைகூடச் சேர்ப்பதில்லை. கேக்கை முட்டையில்லாமல் சொல்லிவிடுங்கள், அழைப்பிலேயே அதை ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இடம்

தோட்டத்து வீடு இருந்தால் களம் போல ஓர் இடம் எந்த மண்டபத்திலும் கிடைக்காது. ஆனால் தோட்டத்தில் முதல் வேலை கிணறு. நம் கிணறுகள் ஆழமானவை, பலவற்றுக்குச் சுவர் முழங்கால் உயரம்கூட இருக்காது. கயிறு கட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். விழா முடியும் வரை கிணற்றடியில் ஒரு பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது. அடுத்தது மோட்டார் ரூம். ஸ்டார்டர் பெட்டியை மூடி, கதவைப் பூட்டி, சாவியை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தென்னை மரத்தடியில் பாய் விரிக்காதீர்கள், காய் விழும். முந்தின நாளே வேலியோரப் புல்லைச் செதுக்கி, பொழுதோட (சாயங்காலம்) வெளிச்சத்துக்கு இரண்டு விளக்கு கட்டிவிடுங்கள்.

ஊருக்குள் இருப்பவர்களுக்கு மொட்டை மாடி. கைப்பிடிச் சுவர் நாலடிக்குக் குறைவாக இருந்தால் மாடியே வேண்டாம். தெரு அமைதியான தெரு என்றால் வாசலே போதும்.

இரண்டரை மணி நேரம் போதும்

நாலு மணிக்கு வரவு. 4.20 வரை, வந்தவர்கள் சும்மா நிற்காமல் பெயர் எழுதி ஒட்டிக்கொள்ளட்டும். 4.20 முதல் 5 வரை பனியன் ஓவியம். 5 முதல் 5.45 வரை பம்பரம். அடுத்த அரை மணி சாப்பாடு, 6.15க்குக் கேக், 6.30க்கு அவரவர் வீடு. வெயில் காலத்தில் எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் தள்ளுங்கள்.

ஓவியத்தை முதலில் வைப்பதற்குக் காரணம், கிளம்புவதற்குள் சாயம் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்துவிடும். கேக்கைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், முதலில் கொடுத்தால் ஒருவனும் சாப்பாட்டைத் தொட மாட்டான். முடியும் நேரத்தையும் அழைப்பில் எழுதுங்கள். எழுதாவிட்டால் எட்டரை வரை பெற்றோர் வருவார்கள், கடைசியில் நிற்கிற இரண்டு பையன்கள் அழ ஆரம்பிப்பார்கள்.

பனியன் ஓவியம்: விளையாட்டும் ரிட்டர்ன் கிப்டும் ஒன்றாக

பென்சில் டப்பா, பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் என்று தலைக்கு எழுபது எண்பது ரூபாய்க்கு வாங்கிக் கொடுப்பதை விட, ஒரு வெள்ளைப் பனியனில் அவனே வரைந்து எடுத்துப் போவது நூறு மடங்கு மேல். திருப்பூர் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. காதர்பேட்டையில் வெள்ளை ரவுண்ட் நெக் பனியன் மொத்தமாகக் கிடைக்கும். மூன்று விஷயம் பார்த்து வாங்குங்கள். முழுப் பருத்தியாக இருக்க வேண்டும், பாலியஸ்டர் கலந்தால் சாயம் பிடிக்காமல் உரியும். துணியின் கனம் 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம்) அளவில் இருக்கட்டும், 140க்குக் கீழே போனால் சாயம் முதுகுப் பக்கம் ஊறும். செகண்ட்ஸ் (சிறு குறையால் ஒதுக்கிய) சரக்கு என்றால் தோள்பட்டைத் தையலையும் அக்குளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஓட்டை இல்லாததாகப் பொறுக்குங்கள்.

அளவு கேட்டால் பெற்றோர் பாதிப் பேர் தப்பாகச் சொல்வார்கள். பையனின் வயதுக்கு வருகிற அளவை விட ஓர் அளவு பெரிதாக எடுத்துவிட்டால் பிரச்சினை இல்லை. 12 பேர் என்றால் 15 வாங்குங்கள், ஒன்றிரண்டு பாழாகும், கூடவே ஒரு தம்பியும் வந்து நிற்பான்.

வாங்கியதும் ஒருமுறை துவைத்துக் காயவையுங்கள். புதுத்துணியில் இருக்கிற கஞ்சியும் மெழுகும் சாயத்தைத் தள்ளிவிடும். துணியை மெதுவாக்கும் வாசனைத் திரவம் எதுவும் சேர்க்காதீர்கள், அதுவும் அப்படித்தான் செய்யும். காய்ந்ததும் தேய்த்து மடிப்பு எடுங்கள்.

அட்டைப் பெட்டியை மார்பகல அளவுக்கு வெட்டி, பாலித்தீன் கவர் சுற்றி, ஒவ்வொரு பனியனுக்குள்ளும் ஒன்று செருகுங்கள். அட்டை இல்லாவிட்டால் முன்பக்கம் வரைந்தது பின்பக்கமும் அச்சாகிவிடும். இந்த வேலையில் அதிகம் நடக்கிற தப்பு இதுதான். கழுத்துப் பட்டைக்குள் பெயரைப் பேனாவால் எழுதிவிடுங்கள், காய்கிற கொடியில் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும்.

துணிச் சாயம் 15 மில்லி புட்டிகளாக வரும். ஆறு நிறத்தில் இரண்டிரண்டு, மொத்தம் 180 மில்லி, 12 பையன்களுக்குத் தாராளம். வெள்ளை மட்டும் ஒன்று கூடுதலாக வாங்கினால் நிறத்தை வெளுக்கக் கலந்துகொள்ளலாம். தண்ணீர் கலக்கக் கூடாது. கலந்தால் கோடு பரவி, வரைந்த பஸ் வீங்கிப்போய் நிற்கும்.

எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தூரிகையை விட அச்சு நன்றாக வரும். முற்றின வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து இதழ் பூ. உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, பாதியில் நட்சத்திரமோ அம்போ செதுக்கலாம். வெட்டிய முகத்தைத் துணியால் ஒற்றி ஈரம் எடுத்தால்தான் அச்சு தெளிவாக விழும். பையன்கள் கூத்தாடப்போவது பொம்மைக் காரில்தான். சக்கரத்தில் சாயம் தடவித் துணிமேல் ஓட்டினால் டயர் தடம் பதியும், ஒவ்வொருவனும் தன் பனியனில் ஒரு ரோடே போட்டுவிடுவான். பழைய கார் நாலைந்து எடுத்து வையுங்கள், ஒன்றே ஒன்று இருந்தால் சண்டை. அச்சை நேராகச் சாயத்தில் முக்காதீர்கள். தட்டில் ஒரு ஸ்பாஞ்சை வைத்து அதில் சாயம் ஊற்றி, அதன்மேல் அச்சை ஒற்றி எடுத்தால் சொட்டாது.

முடிந்ததும் அட்டையோடே மின்விசிறிக்குக் கீழே வரிசையாகப் படுக்கவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் கனமாகப் பூசிய இடம் வழியும். அனுப்பும்போது ஒரு துண்டுச் சீட்டு: ‘ஒரு நாள் முழுக்கக் காயவிடவும். பிறகு உட்புறம் வெளியே திருப்பி மூன்று நிமிடம் சூடாக இஸ்திரி போடவும். மூன்று நாள் கழித்துத் துவைக்கவும்.’ அந்த இஸ்திரிச் சூட்டில்தான் சாயம் துணியில் இறுகும். சீட்டு வைக்காவிட்டால் மறுநாளே ஊறவைத்துவிடுவார்கள், திங்கட்கிழமை உங்கள் மகனிடம் புகார் வரும்.

பம்பரம்

கையளவு மரத்துண்டு, ஓர் ஆணி, ஒரு சாட்டை. இதில் இருக்கிற நுணுக்கத்துக்குப் பத்து வயதுப் பையன் ஒரு மாதம் தின்னாமல் தூங்காமல் கிடப்பான். வாங்கும்போது தலையையும் ஆணி முனையையும் இரண்டு விரலால் பிடித்து மெதுவாக உருட்டிப் பாருங்கள். உடல் ஒரே சீராகச் சுழல வேண்டும். ஏறி இறங்கினால் ஆணி நடுவில் இல்லை என்று அர்த்தம், அது எப்படி விட்டாலும் தலையாட்டிக்கொண்டே விழும். ஆணி முனை ஊசிபோல் இருந்தால் உப்புத்தாளில் நாலு தேய்ப்புத் தேய்த்து முனையை மழுக்குங்கள். கூர் ஆணி மண்ணைக் குத்திக்கொண்டு நின்றுவிடும், சிமெண்ட் தரையைப் பொறிக்கும், பக்கத்துப் பையன் காலையும் பதம் பார்க்கும்.

சாட்டை பருத்திக் கயிறாக, ஒன்று முதல் ஒன்றே கால் மீட்டர் நீளத்தில் இருக்கட்டும். நைலான் வழுக்கும். ஒரு முனையில் சின்ன முடிச்சு, மறுமுனையில் விரல் நுழைகிற வளையம். வளையத்தை இறுக்கமாகப் போடாதீர்கள், வீசும்போது விரலை வெட்டும்.

விடுகிற முறை இது. கயிற்றை லேசாக நனைத்துப் பிழியுங்கள், பிடிப்பு கிடைக்கும். முடிச்சு முனையை ஆணி ஓரமாக வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, ஆணியிலிருந்து ஆரம்பித்து உடலின் மேல் பக்கம் ஏற ஏற, ஒரு சுற்றை அடுத்த சுற்று தொடும்படி இறுக்கிச் சுற்ற வேண்டும். பம்பரத்தின் வயிற்றில் முக்கால் பங்கு வரை வந்தால் போதும். மீதிக் கயிற்றின் வளையத்தை நடுவிரலில் மாட்டுங்கள். ஆணி தரையைப் பார்க்கும்படி பிடித்து, முன்னால் வீசி, கை முழுதாக நீண்ட கணத்தில் வெடுக்கென்று பின்னால் இழுக்க வேண்டும்.

பம்பரம் பக்கவாட்டில் படுத்து உருண்டால் சுற்று தளர்ந்திருக்கிறது, அல்லது சீக்கிரம் இழுத்துவிட்டான். தலைகீழாக விழுந்தால் வீசும்போது மணிக்கட்டைத் திருப்பியிருக்கிறான். சுற்றிக்கொண்டே ஓடிப்போனால் தரை சரிவு. டைல்ஸ் தரையில் விடவே வேண்டாம், வழுக்கும், டைல்ஸும் போகும். சிமெண்ட் வாசல், இறுகிய செம்மண், களம் இவைதான் சரி.

முதல் பதினைந்து நிமிடம் பழக்கம். நாலு பையனுக்கு ஒரு பெரியவர் வேண்டும். அப்பாமார்களில் பலருக்கு இப்போது கை வராது. வீட்டில் அப்பாரு (அப்பாவின் அப்பா), அப்புச்சி இருந்தால் அவர்களைக் கூப்பிடுங்கள், அன்றைக்கு நாயகன் அவர்தான். பிறகு மூன்று போட்டி. அதிக நேரம் நிற்கிற பம்பரம் எது என்று கைப்பேசிக் கடிகாரத்தில் பாருங்கள், ஆளுக்கு மூன்று வாய்ப்பு, சிறந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, சுண்ணாம்பில் இரண்டடி அகல வட்டம் போட்டு, அதற்குள் இறக்கிச் சுற்றவிடுபவனுக்குப் புள்ளி. கடைசியில், சுற்றுகிற பம்பரத்தைக் கயிற்றால் தூக்கியோ உள்ளங்கையில் ஏற்றியோ காட்டுபவனுக்கு இரட்டைப் புள்ளி. ஆக்கர் குத்துவது வேண்டாம். பிறந்தநாளில் ஒருவன் பம்பரத்தை இன்னொருவன் பிளந்தால் அன்றைய மாலை அதோடு போச்சு.

வீசுகிற கோட்டுக்கு எதிரேயும் பக்கத்திலும் இரண்டு மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது. கோட்டை முதலிலேயே சுண்ணாம்பில் போட்டுவிடுங்கள், சொன்னால் கேட்க மாட்டார்கள், கோட்டைப் பார்த்தால் நிற்பார்கள். எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விரலால் சுண்டிவிடுகிற சின்னப் பம்பரம் கொடுத்துத் தனியாக உட்கார வையுங்கள்.

மழை வந்தால் இதற்குப் பதில் வீட்டுக்குள் புதையல் வேட்டை. இரண்டு அணி, ஆறு சீட்டு, ஒவ்வொரு சீட்டிலும் அடுத்த இடத்தைச் சொல்கிற விடுகதை. ‘சட்டை தொங்கும், ஆள் இல்லை’ என்றால் துணிக்கொடி. ‘வயிற்றில் கல், வாய் நிறைய மாவு’ என்றால் கிரைண்டர். இரண்டு அணிக்கும் ஒரே இடங்களை வேறு வேறு வரிசையில் கொடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் ஓடுகிற அணி முன்னால் போகிறவர்களைப் பார்த்தே ஜெயித்துவிடும். கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

சாப்பாடு

அழைக்கும்போதே ஒவ்வொரு பெற்றோரிடமும் கேளுங்கள்: கடலை, பால், முட்டை, முந்திரி எதுவும் ஒத்துக்கொள்ளாதா? நம் பலகாரங்களில் நிலக்கடலை எங்கெங்கோ ஒளிந்திருக்கும்.

பையன்களுக்குத் தட்டுவடை செட் கடை போடுங்கள். சேலத்திலும் ஈரோட்டிலும் பொழுதோடத் தெருமுனையில் கூட்டம் நிற்கிற அதே பண்டம். அவர்களே தங்கள் செட்டை அடுக்கிக்கொள்ளும்படி வைத்தால் அரை மணி நேரம் சத்தமே வராது. ஆளுக்கு நாலு செட், 15 பேருக்கு 60 செட், ஒரு செட்டுக்கு இரண்டு தட்டுவடை, ஆக 120. உடைவதற்கு இருபது சேர்த்து வாங்குங்கள். கேரட் அரைக் கிலோ, பீட்ரூட் அரைக் கிலோ, பெரிய வெங்காயம் கால் கிலோ, எல்லாம் துருவியோ பொடியாக நறுக்கியோ. சிவப்புச் சட்னிக்கு, காரம் குறைந்த நிறம் கொடுக்கிற வரமிளகாய் பத்து, பூண்டு பதினைந்து பல், தக்காளி இரண்டு ஆகியவற்றை வேகவைத்து, உப்பும் கொஞ்சம் வெல்லமும் சேர்த்து அரையுங்கள். பச்சைச் சட்னிக்குக் கொத்தமல்லி ஒரு கட்டு, புதினா அரைக் கட்டு, பச்சைமிளகாய் நாலு, எலுமிச்சை ஒரு பழம், உப்பு.

பீட்ரூட்டைத் துருவியதும் பிழிந்து சாறு எடுத்துவிடுங்கள். காய்க்கலவையில் முன்கூட்டியே உப்பு போட்டால் நீர் விட்டுக்கொண்டு, தட்டுவடை இரண்டு நிமிடத்தில் நமுத்துவிடும். உப்பு, எலுமிச்சை எல்லாம் பரிமாறுகிற நேரத்தில்தான். ஒரு தட்டுவடை மேல் இரண்டு சட்னியும் அரை அரைத் தேக்கரண்டி, அதன்மேல் இரண்டு விரலால் அள்ளுகிற அளவு காய், மேலே இன்னொரு தட்டுவடை. அடுக்கியதை உடனே வாயில் போட வேண்டும். முன்னதாக அடுக்கி வைத்தால் எல்லாம் வீண்.

அதற்குப் பின் எல்லோருக்கும் அரிசி பருப்பு சாதம். பிரியாணிக்கு ஆர்டர் கொடுப்பதை விட இது பிள்ளைகள் வயிற்றுக்கு இதம், மீதியும் ஆகாது. 15 பையனுக்கும் பத்துப் பெரியவருக்கும் அரிசி 1.75 கிலோ, துவரம்பருப்பு 600 கிராம், சின்ன வெங்காயம் அரைக் கிலோ, தக்காளி அரைக் கிலோ, பூண்டு 100 கிராம், கடலெண்ணெய் 200 மில்லி. அரிசியும் பருப்பும் சேர்ந்த ஒரு படிக்கு மூன்று படித் தண்ணீர். ஆற ஆற இறுகும், ஆகவே பக்கத்தில் ஒரு லிட்டர் கொதிநீர் வைத்திருந்து, பரிமாறும் முன் கொஞ்சம் விட்டுக் கிளறுங்கள். நெய், அப்பளம், தயிர் போதும். இனிப்புக்குக் கச்சாயமோ ஒப்புட்டோ ஒன்று, குடிக்க இளநீரோ நன்னாரி சர்பத்தோ.

ஒரு கிலோ கேக்கில் 12 துண்டு வரும், எல்லோருக்கும் இரண்டு கிலோ ஏறக்குறையச் சரியாக இருக்கும். வெயில் காலத்தில் பிரஷ் க்ரீம் வேண்டாம், ஏசி இல்லாத கூடத்தில் அரை மணியில் வழியும். பட்டர் க்ரீம் கொஞ்சம் தாங்கும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நுரை ஸ்பிரேயை மெழுகுவத்தி எரியும்போது அடிக்காதீர்கள். அந்தக் குப்பியில் நுரையைத் தள்ளுவது பெரும்பாலும் எரிகிற வாயு, முகத்திலும் முடியிலும் படிந்து தீப்பற்றும். பறக்கிற பலூன் வாங்கினால் ஹீலியம்தானா என்று கேட்டு வாங்குங்கள். ஹைட்ரஜன் அடைத்த பலூன் கொத்து ஒரு பொறி பட்டால் வெடிக்கும். வெடித்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்குங்கள், சின்னப் பிள்ளை வாயில் போட்டால் மூச்சுக்குழாயை அடைக்கும்.

பரிசு வாங்கப் போகிறீர்களா?

நண்பன் வீட்டுப் பையனுக்கு 200 முதல் 400 ரூபாய் வரை வைத்துக்கொள்வது இரண்டு வீட்டுக்கும் சங்கடம் இல்லாதது. அதற்கு மேல் செலவழிப்பது மாமன், சித்தப்பா, அத்தை வேலை.

பொம்மை எதுவானாலும் பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் விற்கிற பொம்மைகளுக்கு அது கட்டாயம். பொத்தான் பேட்டரி போடுகிற பொருளில் மூடி திருகாணியால் மூடியிருக்க வேண்டும். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும், வீட்டில் தம்பி தங்கை இருந்தால் இன்னும் கவனம். சின்னக் காந்த உருண்டைகளும் அதே கணக்குதான், வாங்கவே வேண்டாம்.

ஆறு, ஏழு வயதுக்குக் கட்டி விளையாடுகிற துண்டுகள், களிமண், பிளாஸ்டிக் கிரிக்கெட் செட், தாயம், பரமபதம். எட்டு, ஒன்பதில் ரூபிக் க்யூப், செஸ் பலகை, மூன்றாம் அளவை விட்டு நாலாம் அளவுக் கால்பந்து. 12 வயது வரை நாலாம் அளவே போதும், ஐந்தாம் அளவு பெரியவர் பந்து. பத்துக்கு மேல் பொம்மைக் கடைப் பக்கமே போகாதீர்கள். ஸ்க்ரூ டிரைவர், கொறடு, அளவு டேப், இன்சுலேஷன் டேப் என்று நிஜமான சின்னக் கருவிப் பெட்டி ஒன்று சேர்த்துக் கொடுங்கள். வயரை வெட்டியெடுத்த பழைய டேபிள் ஃபேன் ஒன்றையும் கழற்றிப் பார்க்கக் கொடுத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதோடுதான் இருப்பான். லேத் பட்டறையும் பம்ப்செட் கம்பெனியும் நிறைந்த ஊர்களில் வளர்கிற பிள்ளைக்கு இதை விடப் பொருத்தமான பரிசு நமக்குத் தெரியவில்லை.

மோட்டார் கிட் வாங்கினால் ஒரு குறிப்பு. சின்ன மோட்டார் மூன்று முதல் ஆறு வோல்ட்டில் ஓடும். கடையில் ஒன்பது வோல்ட் பெட்டி பேட்டரியைக் கொடுத்துவிடுவார்கள். மோட்டார் இழுக்கிற மின்னோட்டத்தை அதனால் அதிக நேரம் தர முடியாது, சீக்கிரமே சோர்ந்துவிடும், பையன் மோட்டார் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுவான். இரண்டு பென்சில் பேட்டரியும் அதற்கான தொட்டிலும் சேர்த்து வாங்குங்கள்.

கிரிக்கெட் மட்டையை வயதைச் சொல்லி வாங்கக் கூடாது. பையனை நிறுத்தி, மட்டையைக் காலோரம் நிமிர்த்தி வைத்தால் கைப்பிடியின் நுனி இடுப்பெலும்புக்கு வர வேண்டும். மேல்கையால் மட்டும் தூக்கச் சொல்லுங்கள், மணிக்கட்டு தொங்கினால் கனம் அதிகம். ‘வளர்ந்து ஆடிக்கொள்வான்’ என்று பெரிய மட்டை வாங்கினால், ஆட்டமே தப்பாகப் பழகிவிடும். டென்னிஸ் பந்துக்கா, தோல் பந்துக்கா என்பதையும் சொல்லி வாங்குங்கள், டென்னிஸ் மட்டையில் தோல் பந்து அடித்தால் விளிம்பு பிளக்கும்.

கேரம் பலகை வீட்டுக்கு 26 அங்குலம் போதும். ஸ்ட்ரைக்கரைப் பலமாக அடித்துப் பாருங்கள். மூன்றரை ஓட்டம் போய்வருவது போட்டிப் பலகையின் தரம், வீட்டுப் பலகையில் இரண்டு ஓட்டமாவது போய்வர வேண்டும். நடுவில் காயை வைத்துச் சுண்டினால் ஒரு பக்கமாக வளைந்து போனால் பலகை வளைந்திருக்கிறது.

பத்து வயதுக்கு மேல், இயற்கையில் ஆர்வம் இருக்கிற பையனுக்குப் பைனாகுலர். எட்டு மடங்கு பெருக்கமே சரி. இருபது, முப்பது என்று பெட்டியில் போட்டிருப்பதை வாங்கினால் கை நடுக்கத்தில் ஒன்றும் தெரியாது. கொடுத்த வாரமே திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்கோ ஈரோடு பக்கம் வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்கோ ஒரு காலையில் கூட்டிப் போங்கள். நஞ்சராயன் குளம் 2024இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பச்சைக்கிளியைக் கூண்டோடு பரிசளிக்கிற பழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், பறவைக்கும் அது கொடுமை.

சைக்கிள்தான் பெரும்பாலும் மாமன் வாங்கித் தருவது. ஐந்து, ஆறு வயதுக்கு 16 அங்குலச் சக்கரம், ஏழு முதல் ஒன்பது வரை 20, பத்துக்கு மேல் 24. வயது ஒரு தோராயம்தான். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு காலின் முன்பாதமும் தரையில் படுகிறதா, பிரேக் பிடியை அவன் விரல் எட்டி அழுத்துகிறதா என்று கடையிலேயே ஏற்றிப் பாருங்கள். இரகசியமாக வாங்கி ஆச்சரியப்படுத்தப் போய், எட்டாத சைக்கிள் ஒரு வருடம் திண்ணையில் நிற்பதுண்டு. வாங்கி ஒரு வாரம் ஓட்டியதும் மறுபடியும் கடைக்கே எடுத்துப் போங்கள். ஹேண்டில் போல்ட், பெடல், பிரேக் கம்பி மூன்றும் புதிதில் தளரும்.

பெரியவர்கள் கவரில் வைத்துத் தருகிற 101, 501 ரூபாயை வீட்டுச் செலவில் கலக்காதீர்கள். பத்து வயது நிரம்பிய பிள்ளை அஞ்சலகத்தில் தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்குத் தொடங்கித் தானே பணம் போட்டு எடுக்கலாம். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை அவன் கையாலேயே ஒரு நோட்டில் எழுத வையுங்கள். மறுநாள் பொழுதோட அந்த நோட்டைப் பார்த்து, அப்புச்சிக்கும் அம்மிச்சிக்கும் (அம்மாவின் அம்மா) மாமனுக்கும் அவனே போன் போட்டு, ‘நீங்க குடுத்தது வந்துச்சுங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லட்டும்.